இருபத்தைந்தில் பதிந்த தாவல்

அன்புள்ள செந்திலுக்கு,

இதை எழுதியிருப்பது அப்பாதான். யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிடாதே. எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிற எவனும் இவ்வளவு கோணலாக எழுத மாட்டான். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது, சிலது கீழே தொங்குகிறது. கை நடுங்குவதால் இல்லை, அவசரத்தால்தான். அடுத்த எழுத்து மறந்துபோவதற்குள் இந்த எழுத்தை முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. காபி ஆறிப்போய், உன் அம்மா சூடு பண்ணிக் கொடுத்து, அதுவும் ஆறிப்போகிறது. பொறுத்துக்கொள். மெதுவாக எழுதியதை நீயும் மெதுவாகப் படி.

நம் தெருவுக்குப் பின்னால் பால்வாடியில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. அம்மா போகச் சொன்னாள் என்று போனேன், இப்போது அவள் வரச் சொன்னாலும் வருவதில்லை. டீச்சர் உன் வயசுப் பெண். முதல் வாரம் என் விரலைப் பார்த்துவிட்டு, "தாத்தா, பென்சில ஏன் இப்படி இறுக்கிப் புடிக்கிறீங்க? அது எங்கயும் ஓடிப் போவாது" என்றாள். நம்பர் எல்லாம் எனக்கு முன்பே தெரியும். மில்லில் இருந்தபோதே பழகியது. எழுத்துதான் இப்போது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகிறேன். பஸ் வேகமாகப் போனால் பாதிதான் படிக்க முடிகிறது, சிக்னலில் நின்றால் எனக்குக் கொண்டாட்டம். பீச் பக்கம் தெருப் பெயர் பலகைகளில் பிரெஞ்சுக்குக் கீழே தமிழும் இருக்கிறது, தெரியுமா? இத்தனை வருஷம் அதன் கீழேயே நடந்திருக்கிறேன். இதை எழுதும்போதுகூட உன் அம்மா எட்டிப் பார்த்து, "காலையிலேருந்து இன்னாத்த எழுதுறீங்க? பத்திரமா?" என்றாள். "ஆமா, எல்லாத்தையும் உன் பேர்ல எழுதி வெக்கிறேன்" என்றேன். "எத, அந்த ஓடாத ஃபேனையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

போனில் பேசலாமே, ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன், மாத்திரை போட்டீர்களா என்று நீ கேட்கிறாய். அதுவரை நன்றாகத்தான் போகிறது. உன் சிநேகிதன் அருள் பெயரை எடுத்த உடனே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைகூட மீட்டிங் நடக்கும் என்று உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. மடித்து வைத்தாலும் மறுபடி எடுத்துப் பார்க்கத்தான் தோன்றும்.

போன வாரம் உன் கேமராவை வாங்கிக்கொள்ள ஒரு பையன் வந்தான். பைக்கில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று, "பெரியவரே, செந்தில் அண்ணன் கேமரா இருக்குதாமே. பேசி முடிச்சிட்டோம், குடுத்துடுங்க" என்றான். நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய், அவள் என்னிடம் சொல்ல மறந்தது மாதிரி நடித்தாள். "அவன் குடுக்கச் சொன்னான், நான் குடுக்கறேன்னு சொல்லலையே" என்றேன். "உங்களுதா அது?" என்றான். "இல்ல. ஆனா பீரோ என்னுது" என்றேன். சிரித்துவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று போயிருக்கிறான். நல்ல பையன்தான், கோபித்துக்கொள்ளவில்லை. கேமராவோடு உள்ளே இருக்கிற மெமரி கார்டையும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாயாம். அதை அழித்துவிட்டுத்தான் பயன்படுத்துவேன் என்று அவனே சொன்னான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செந்தில், அந்தக் கார்டில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ அதை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

நீ வீடியோ எடுக்க ஆரம்பித்த காலத்தில் உன்னோடும் அருளோடும் பீச்சுக்கு வந்தவன் நான். எனக்கு வாக்கிங், உங்களுக்கு ஸ்கேட்போர்டு. காலையில் ஏழரை வரைக்கும் அந்த ரோட்டில் வண்டி விட மாட்டார்கள். அதற்குள் அவன் குதிக்க வேண்டும், நீ எடுக்க வேண்டும், நான் உன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் டீக்கடை. அங்கே நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையில்தான் நான் ஃபிரேம் ரேட் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன். நீதான் சொன்னாய்: வீடியோ என்பது வேகமாகக் காட்டுகிற போட்டோக்கள்தான். ஒரு நொடிக்கு இருபத்தைந்து போட்டோ எடுத்து அதே இருபத்தைந்தில் காட்டினால் நாம் கண்ணால் பார்க்கிற வேகம். ஒரு நொடிக்கு நூறு எடுத்து, அதை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் காட்டினால் அந்த ஒரு நொடி நான்கு நொடியாக நீளும். அதுதான் ஸ்லோ மோஷன். "அப்ப எப்பவும் நூறுலயே எடுத்துட வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன். அருளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதத்தான் அப்பா நானும் சொல்றேன். இவன் கஞ்சத்தனம் பண்றான். போட்டோ என்னா காசா?" என்றான் அருள். அவனுக்கும் நான் அப்பாதான்.

"டேய், நூறு போட்டோ எடுக்கணும்னா ஒவ்வொண்ணுக்கும் கிடைக்கிற வெளிச்சம் கம்மிடா. காலையில வெயில் வர்றதுக்கு முன்ன எடுத்தா உன் மூஞ்சி மண்ணு கொட்டுன மாதிரி இருக்கும்."

"இப்ப மட்டும் இன்னா, சினிமா ஸ்டார் மாதிரியா இருக்குது?"

"அது மட்டும் இல்ல. நீ ஓடி வர்றது, போர்டத் தள்றது, எல்லாத்தையும் ஸ்லோவா காட்டுனா பாக்கறவன் தூங்கிடுவான். வேகமா வந்தாத்தான் வேகம்னு தெரியும். காத்துல இருக்கிற அந்த ஒரு இடம், போர்டு உன் காலுக்குக் கீழ திரும்புதே, கண்ணு அதத்தான் தவற விடுது. அத மட்டும் ஸ்லோவா காட்டணும். எல்லாமே ஸ்லோன்னா எதுவுமே ஸ்லோ இல்ல."

நீ இதைச் சொன்னபோது டீக்கடைக்காரர்கூட வடிகட்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று சொல்லவில்லை. இப்போது எழுதத் தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

அருள் விழுந்த அந்தக் காலையில் நடந்ததை நாம் இரண்டு பேரும் ஒரு தடவையாவது முழுசாகப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. முந்தின நாள் அத்தை மகள் நிச்சயதார்த்தம். மண்டபத்தில் ட்யூப் லைட் எல்லாம் உன் கேமராவில் மினுக்கியது. நூறில் எடுத்தால் கரண்டு துடிப்பது படத்தில் தெரிகிறது என்று சொல்லி, கேமராவை இருபத்தைந்துக்கு மாற்றினாய். மினுக்கல் நின்றது. அத்தைக்காகச் சரியாகச் செய்த வேலை அது. மறுநாள் விடிந்ததும் அதே கேமராவை எடுத்துக்கொண்டு பீச்சுக்கு வந்தோம். ஒரு ஸ்கேட்போர்டு போட்டிக்கு அனுப்ப வேண்டிய வீடியோ, படிகளைத் தாண்டுகிற அந்த ஒரு தாவல் மட்டும்தான் பாக்கி. வாரக்கணக்கில் அவன் அதைப் பழகி, விழுந்து, எழுந்து, முட்டியெல்லாம் தேய்ந்து போயிருந்தான். அன்று முதல் தடவையிலேயே தாண்டினான். போர்டு திரும்பியது, கால் அதன் மேலே போய் நின்றது, ஆள் ஆடவில்லை. வாக்கிங் வந்தவர்கள் கைதட்டினார்கள். நீ ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாய். அப்புறம் கையிலிருந்த கேமராவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாய்.

"ஐயோ, இருபத்தஞ்சுலயே இருக்குதுடா! நேத்து மாத்துனது. மாத்தவே இல்ல."

"அத ஸ்லோ பண்ண முடியாதா?" என்றான் அருள்.

"இழுத்தா தடுக்கித் தடுக்கிப் போவும். நடுவுல போட்டோவே இல்லையே. இன்னொரு வாட்டி போறியா?"

"போடா, இதுக்குப் போய் மூஞ்சத் தொங்கப் போடுற? இந்த வாட்டி இன்னும் மேல போறேன், பாரு."

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். போர்டு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆஸ்பத்திரி, உள்ளே வைத்த கம்பி, மாதக்கணக்கில் படுக்கை, போட்டி போனது, எல்லாம் தெரியும். உனக்கு எதிரே நின்று வாக்கிங் வந்தவர் ஒருவர் அந்த இரண்டாவது தாவலைத் தன் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்திருந்தார். அது ஊரெல்லாம் சுற்றியது. லாஸ்பேட்டை காலேஜ் பையன்கள் போனிலெல்லாம் அருள் மெதுவாக, மெதுவாக விழுந்துகொண்டே இருந்தான். நீயும் அதைப் பார்த்தாய். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாய். அதற்கப்புறம் கேமராவைத் துணியில் சுற்றி என் பீரோவில் வைத்துவிட்டு பெங்களூர் போய்விட்டாய். கம்ப்யூட்டரில்தான் வேலை, ஆனால் படமே இல்லாத வேலை.

"நான்தான் அவன் கால உடைச்சேன்" என்று அம்மாவிடம் சொன்னாயாம். நீ ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீ நம்ப மாட்டாய், நானும் பொய் எழுதியவன் ஆவேன். எழுதக் கற்றுக்கொண்டு முதல் கடிதத்திலேயே பொய் எதற்கு? நீ கேட்டாய். அவன் ஆசையோடு போனான். இரண்டும் நடந்தது. அங்கே நின்ற யாருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் முதல் தாவல் அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது. இதற்கு மேல் எனக்கு இதைப் பிரிக்கத் தெரியவில்லை.

இப்போது புதுசாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் லாஸ்பேட்டையில் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக் கடை வாசலில் நின்று பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, "அப்பா! நீங்களா படிக்கிறீங்க?" என்று ஒரு குரல். அருள். அங்கேதான் வேலை செய்கிறான். நடக்கும்போது இடது கால் கொஞ்சம் யோசித்து வருகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறான். குண்டாகியும்விட்டான். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். எதிரில் இருந்த போஸ்டரை எல்லாம் காட்டி எனக்குப் பரீட்சை வைத்தான். ஒன்றில் நான் தடுமாறியபோது, "பரவால்லப்பா, அத எழுதுனவனுக்கே படிக்க வராது" என்றான்.

அப்புறம் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "அப்பா, அந்த முதல் ஜம்ப் இருக்குதா? இல்ல அழிச்சிட்டானா?"

ஏன் கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

"அவன் எனக்குக் காட்டவே இல்லப்பா. ஆஸ்பத்திரில ஒரு வாட்டி கேட்டேன். 'அது இருபத்தஞ்சு, ஒண்ணுத்துக்கும் ஆவாது'ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டான். அப்புறம் வரவே இல்ல. நான் விழுந்தத ஊரே பாத்துச்சு. டீக்கடைக்காரரு பாத்தாரு, எங்க மாமனாரு பொண்ணு குடுக்கறதுக்கு முன்ன பாத்தாரு. நான் தாண்டுனத நானே பாக்கலப்பா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் டீ கிளாஸைக் கீழே வைக்காமல் பிடித்தபடியே இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். கேமரா உயிரில்லாமல் இருந்தது. சார்ஜ் போட்டேன். நீ எனக்குப் படம் பார்க்கிற பொத்தானைக் காட்டிக் கொடுத்திருக்கிறாய், மறக்கவில்லை. அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதலில் பழைய வீடியோக்கள் வந்தன, நீ நூறில் எடுத்தவை. அருள் மிதந்து வருகிறான், போர்டு பூ மாதிரி திரும்புகிறது, சக்கரத்தில் ஒட்டிய மணல்கூடத் தெரிகிறது. அழகாக இருக்கிறது. ஆனால் சத்தமே இல்லை. கேமரா கெட்டுவிட்டது என்று அம்மா பயந்தாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, ஸ்லோவில் எடுத்தால் இந்தக் கேமராவில் சத்தம் ஏறாது, அப்புறம் பாட்டு சேர்த்துக்கொள்வேன் என்று நீ சொல்வாய்.

அப்புறம் நிச்சயதார்த்தம் வந்தது, அத்தை சிரித்தாள், நாதஸ்வரம் கேட்டது. அதற்கு அடுத்தது அந்தத் தாவல்.

செந்தில், அது சின்னது. ஓடி வருகிறான், தாவுகிறான், நிற்கிறான், அவ்வளவுதான். கால் கொஞ்சம் கலங்கித் தெரிகிறது, போர்டு திரும்புவது ஒரு தீற்றலாகத்தான் இருக்கிறது. வெயில் வராத நேரம், பின்னால் கடல் சாம்பல் நிறம். நீ சொன்னபடி கண் தவற விடுகிற இடத்தை இதுவும் தவறத்தான் விடுகிறது. ஆனால் சத்தம் இருக்கிறது. சக்கரம் கல்லில் கரகரவென்று வருவது கேட்கிறது. அப்புறம் ஒரு விநாடி சக்கரச் சத்தம் இல்லை, அலை மட்டும். அப்புறம் போர்டு தரையில் அறைகிறது. உடனே கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவன், "டேய் அருளூ! தாண்டிட்டடா! டேய்!" என்று கத்துகிறான். கத்திவிட்டுச் சிரிக்கிறான், மூச்சு முட்டச் சிரிக்கிறான். கேமராவைக் கையில் பிடித்தபடியே ஓடுகிறான், படமெல்லாம் ஆடுகிறது, வானம், ரோடு, ஒரு செருப்பு, அப்புறம் அருளின் சட்டை. அதுவரை வந்து நின்றுபோகிறது.

அது உன் குரல் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் குரலைக் கேட்டு அவ்வளவு நாளாகிவிட்டது. அம்மா மறுபடி போடச் சொன்னாள். அன்று சாயங்காலம் வகுப்புக்குப் போகவில்லை.

நீ கேமராவை நூறில் வைத்திருந்தால் அருளின் கால் தப்பியிருக்கும், அது உண்மை. ஆனால் அந்தக் குரல் இருந்திருக்காது, அதுவும் உண்மை. ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று நான் சொல்லவில்லை. ஒரு காலுக்கு ஒரு சிரிப்பு ஈடாகுமா? நான் சொல்வது, அந்தக் காலையில் விழுந்தது மட்டும் நடக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருவன் தாண்டினான், இன்னொருவன் அதற்காகத் தன்னை மறந்து சந்தோஷப்பட்டான். அடுத்தவன் ஜெயித்ததற்கு அப்படிச் சிரிக்கிற உன்னைப் பற்றித்தான், அவன் காலை உடைத்தவன் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். விழுந்ததையே நான்கு மடங்கு நீட்டி உள்ளே ஓட்டிக்கொண்டிருக்கிறாய். தாண்டியதை ஓட்டவே இல்லை.

நேற்று அருளை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தான். அம்மா மீன் குழம்பு வைத்தாள், நன்றாகச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் கேமராவை எடுத்து வந்து மேசையில் வைத்தேன், பொத்தானை அழுத்தப் போனேன். அவன் அந்தச் சின்னத் திரையின் மேல் கையை வைத்து மூடிவிட்டான்.

"வேணாம்பா. இருக்குதுன்னு தெரிஞ்சிடுச்சில்ல, போதும். அவன் வந்து போட்டுக் காட்டட்டும்."

"அவன் வரலைன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"வருவான்மா. வந்து எடிட் பண்ணித் தரச் சொல்லுங்க. ஸ்லோ எல்லாம் வேணாம், இருக்கிற மாதிரியே விடட்டும். என் பொண்டாட்டிக்குக் காட்டணும், அவளும் விழுந்ததத்தான் பாத்திருக்கா. அப்புறம் இன்னொண்ணு சொல்லுங்க. நான் இனிமே படியெல்லாம் தாண்டப் போறதில்ல, சமதரையிலதான் ஓட்டுறேன். அதனால பயப்படாம கேமராவத் தூக்கிட்டு வரலாம்."

கையை எடுக்காமலேதான் இவ்வளவும் சொன்னான். அந்தக் கேமராவில் அவன் கைரேகை இன்னும் இருக்கிறது. நான் துடைக்கவில்லை.

கேமராவை விற்காதே என்று உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது உன்னுடையது, உன் கையில் அது இனி நிற்குமா என்பது உனக்குத்தான் தெரியும். வேறு வேலை பிடித்திருந்தால் அதையே செய், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாவல் உன்னுடையது மட்டும் இல்லை. விற்பதானாலும் அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு விற்றுவிடு. கொரியரில் அனுப்பச் சொல்லாதே. என்னிடமும் சொல்லாதே, நான் காட்ட மாட்டேன், அவனும் பார்க்க மாட்டான். நீயே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து போட வேண்டும். உன் குரல் வருகிற இடத்தில் நீயும் அங்கே இருக்க வேண்டும்.

பைக் பையன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். சனிக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். கவரின் மேல் உன் விலாசத்தை நானே எழுதினேன், இரண்டு கவர் வீணாகி மூன்றாவதில்தான் சரியாக வந்தது. நீ வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் உட்கார்ந்து உனக்கு எழுதத்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்த வாசலில் முதலில் வந்து நின்றது அந்தப் பையனா, நீயா என்று எழுத வேண்டும். நீயாக இருந்தால் சீக்கிரம் எழுதி முடித்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா